பேட்டரியில் 12, காயிலில் 10

எங்கள் வீட்டு அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். நம்ம பக்கத்தில் இந்த வண்டி வைத்திருந்த நிறையப் பேர் எப்போதோ டீசலுக்கு மாற்றிவிட்டார்கள், அப்பா மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. வெயில் காலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால்தான் வம்பு: செல்ஃப் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. கும்பகோணத்தில் முகூர்த்தம் என்று கிளம்பி, பட்டுப்புடவையோடு அத்தையைப் பாபநாசத்தில் பஸ் ஏற்றிவிட்ட கதையெல்லாம் உண்டு, இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

பிளக்கைக் கழற்றி இன்ஜினில் எர்த் வைத்துப் பார்த்தால் பொறி வருகிறது, ஆனால் மஞ்சளாக, நோஞ்சானாக. (கையில் பிடித்துப் பார்க்காதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் சொட்டு இருக்கக் கூடாது.) பொறி நோஞ்சான் என்றால் காயில் (பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறி தாவும் அளவுக்கு ஏற்றிக்கொடுப்பது) போச்சு என்று நானே முடிவு செய்து 1,200 ரூபாய்க்குப் புதுக் காயில் வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியிருக்கும்படி வைத்து, சாவியைப் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை காயிலுக்கு சாவியிலிருந்து கரண்ட் வரும் டெர்மினலிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் கவலையில்லை. எனக்கு 2 காட்டியது. பழைய சாவி சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, பச்சை பூத்த ஒயர் முனை லக்குகள் எல்லாம் வழியிலேயே ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரி மிச்சம்தான் காயிலுக்கு வருகிறது.

2 வோல்ட்தானே என்று விட முடியாது. 3 ஓம் காயிலில் 12 வோல்ட் வந்தால் 4 ஆம்பியர், 10 வந்தால் 3.3 சொச்சம். காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பொறியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே தணிந்துவிடும், அந்த நேரத்தில் இந்த நஷ்டமும் சேர்ந்தால் ஈரக் காலையில் வண்டி எப்படி எடுக்கும்?

அதனால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு ஃபியூஸோடு ஒரு தனி ஒயர், நடுவில் நாலு கால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), பழைய சாவி ஒயர் அந்த ரிலேவைத் தட்டிவிடுவதோடு சரி. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் நடுவில் உள்ள எர்த் பட்டைதான் உயிர்நாடி. அதைக் கழற்றி, இரண்டு பக்கமும் பெயின்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டை போட்டேன். எல்லாம் சேர்த்து 400 ரூபாய்கூட ஆகவில்லை.

பாயிண்ட் வேலையை மட்டும் மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, அதை ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகடு வைத்துப் பார்த்தார். பிளக்குக்கு 25 தௌ. அதற்கு கேஜைத் தொடவே இல்லை, உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து முதுகுப் பக்கத்தை நுழைத்தார். "அளந்து பாரு தம்பி, சரியா இருக்கும்" என்றார். அளந்தேன், இருந்தது.

ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்து, பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயர்கள் மேல் ஸ்ப்ரேயரால் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். இரண்டு ஒயரிலிருந்து நீலக் கோடு கோடாகப் பொறி பாடிக்குத் தாவியது. மழையில் அழிச்சாட்டியம் செய்த மீதி ஆள் அங்கேதான் இருந்திருக்கிறான். ஒயர் செட்டை மாற்றினேன், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே துடைத்தேன்.

இப்போது பொறி நீலமாக, டப் டப்பென்று சத்தத்தோடு வருகிறது. எலக்ட்ரானிக் கிட் போடலாமே என்கிறார்கள். போடலாம், ஆனால் அதற்கும் முழு 12 வோல்ட் போய்ச் சேர வேண்டும். நன்றாக இருந்த பழைய காயிலையே திரும்ப மாட்டிவிட்டு, அந்த 1,200 ரூபாய்க் காயிலை டிக்கியில் போட்டிருக்கிறேன், பக்கத்திலேயே பழைய கண்டன்சரும் (பாயிண்ட் கருகாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன டப்பி) இருக்கிறது. புதுக் கண்டன்சர் இரண்டே மாதத்தில் வல்லத்துக்குக் கொஞ்சம் முன்னால் கைவிட்டபோது வீடு சேர்த்தது அந்தப் பழசுதான்.