பகல் தூக்கத்துக்குப் பெயர் கிடைத்த கதை

இரவு எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்கும். கடலூரிலிருந்து புதுச்சேரி ஆபீசுக்குப் பஸ்ஸில் போகிறவள் நான். ரெட்டிச்சாவடி வருவதற்குள் தூங்கிவிடுவேன். பஸ்ஸில் யார்தான் தூங்கவில்லை? ஆனால் மேனேஜர் எதிரில் நின்று பேசும்போதே கண் செருகியபோது பயந்துவிட்டேன்.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. இவற்றில் கோளாறு என்றால் பெரும்பாலும் அசதிதான் தெரியும். உடம்பு ஓய்வு கேட்கும், படுத்தால் தூக்கம் வந்தே தீரும் என்றில்லை. எனக்கோ சும்மா உட்கார்ந்தாலே தூக்கம். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள். எப்வொர்த் என்று எட்டுக் கேள்விகள் தருவார்கள். மொத்தம் 24 மதிப்பெண். 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். எனக்கு 17.

குறட்டை விடுகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னதால் இரவுப் பரிசோதனை செய்தார்கள். மணிக்கு ஏழு முறை மூச்சு தடைபடுகிறது, லேசான ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். தூங்கும்போது மூச்சு வழி அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் மாஸ்க் போட்டதும் குறட்டை நின்றது, பகல் தூக்கம் நிற்கவில்லை. பலர் இந்த இடத்தில் மிஷினைத் திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், ஒருவருக்கே இரண்டு கோளாறு இருக்கலாம்.

அடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: “சிரிக்கும்போது முட்டி துவளுமாம்மா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் கையிலிருக்கும் டம்ளர் நழுவும், தாடை தொங்கும். சில நொடிதான், நினைவு தப்பாது. இதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? விடிகாலையில் அமுக்குவான் அமுக்குவதையும் அப்போதுதான் சொன்னேன்.

இரண்டு வாரம் தூக்க டைரி எழுதச் சொன்னார். நான் சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரை கனவுத் தூக்கத்தை அடக்கிவிடும் என்பதால் அதையும் அவரே படிப்படியாக நிறுத்தினார். நீங்களாக நிறுத்தக் கூடாது. அப்புறம் இரவுப் பரிசோதனை, இந்த முறை மாஸ்க்கோடு. டெக்னீஷியன் தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் குறி வைத்து, முடியை விலக்கிப் பிசின் தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்டினார். மறுநாள் அதே ஒயர்களோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஐந்து தடவை இருட்டறையில் படுக்க வேண்டும். இடையில் தூங்கவும் கூடாது, காபியும் கூடாது. அந்த இடைவெளிதான் கொடுமை.

சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குள் போனால் நார்கோலெப்சி என்று கணக்கு. தூக்கத்தையும் விழிப்பையும் மூளை சரியாகக் கட்டுப்படுத்தாத நோய் அது. எனக்கு நாலு நிமிடம், மூன்று தடவை. சிரித்தால் துவள்வதும் அமுக்குவானும்கூட இதன் அடையாளங்கள்தானாம். சீக்கிரம் தூங்கியும் கனவுத் தூக்கம் அப்படி வராவிட்டால், காரணம் தெரியாத ஹைப்பர்சோம்னியாவா, அதாவது அதிகத் தூக்க நோயா என்று பார்ப்பார்கள். அவர்களில் பலருக்கு எவ்வளவு தூங்கினாலும் தெளியாது. எனக்கு மதியம் கால் மணி நேரம் தூங்கினால் பளிச்சென்று இருக்கும்.

இப்போது காலையில் விழித்திருக்க உதவும் மொடாஃபினில் மாத்திரை, இரவில் மாஸ்க், மதியம் ஆபீசில் கேட்டு வாங்கிய குட்டித் தூக்கம். டாக்டர் சரி சொல்லும்வரை ஸ்கூட்டரைத் தொடவில்லை. பெண்களுக்கு ஒன்று: மொடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொடங்குமுன் மாற்று வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.