பாம்பெர்க்கின் புகை பீர்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் ஷ்லெங்கெர்லா என்ற மதுவடிப்பகத்தின் ராவ்ஹ்பியர், அதாவது புகை பீர், குடித்தேன். மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, பீச் (beech) மர விறகுத் தீயில் உலர்த்துவதால் புகை அதிலேயே ஏறிவிடுகிறது. மார்ட்சன் வகை, 5.1 சதவீத ஆல்கஹால், கரும்பழுப்பு நிறம். முதல் மடக்கில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட இறைச்சியின் வாசம்தான், வேறொன்றும் தெரியவில்லை. பாதி கிளாஸுக்கு அப்புறம் மூக்கு பழகிவிட, மால்ட்டின் இனிப்பும் கடைசியில் லேசான கசப்பும் மேலே வந்தன. கூட வந்த நண்பர் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. சரி, அவர் பங்கும் எனக்கே.

மறுநாள் ஹெஃபெவைசன் என்ற கோதுமை பீர். கலங்கலாக இருக்கும். வாழைப்பழம், கிராம்பு மணம். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை, ஈஸ்ட் தருவது. வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு பீர்தான் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் ஆரஞ்சுத் தோல் மணம் பிரமாதம், ஆனால் அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போவதேயில்லை.