மரகதம் என்று ஒரு பெயர்

ஆகஸ்ட் 4

விடியற்காலை நாலே காலுக்குத் தம்பி போன் செய்தான். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மத்தியானம் போய்ப் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, மனக்கணக்குப் போடுகிறவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த நெற்றி அப்படியே எங்கள் அப்பத்தாவுடையது. "மரகதம்" என்று அப்பத்தாவின் பெயர் என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. யார் காதிலும் விழவில்லை.

தம்பியின் பெரியவளுக்குப் பெயர் வைத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. இந்த முறை கேட்கத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 6

கேட்டுவிட்டேன். தம்பி பிடி கொடுக்கவில்லை. அவன் மனைவிதான் நேராகப் பேசினாள். "பேர் நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா ஸ்கூல்ல பாட்டி பேருன்னு கேலி பண்ணுவாங்களே."

நியாயமான பயம்தான். இன்றைக்கு மரகதம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். எனக்குத் தெரிந்த குழந்தைகளில் ஒரு மரகதம்கூட இல்லை. ஆனால் எந்தப் பெயரும் பாட்டி பெயராகவே பிறப்பதில்லையே. 1917-இல் பிறந்த மரகதம் சந்திரசேகர் நாட்டின் முதல் மக்களவையிலேயே உறுப்பினராக இருந்தவர். 1959-இல் சிவாஜியும் பத்மினியும் நடித்த படத்துக்கே 'மரகதம்' என்றுதான் பெயர். அப்போது அது சுவரொட்டியில் பெரிதாக எழுதி ஜனங்களைத் தியேட்டருக்கு இழுக்கிற பெயர்.

ஆகஸ்ட் 9

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து தடை வந்தது. அம்மா!

"எப்படிடி? மாமியார் பேரைச் சொல்லி, வாடி, போடின்னு நான் கூப்பிடுறதா?"

அம்மா வாயால் அந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ரேஷன் கார்டில் பெயர் கேட்டால்கூட அப்பாவைத்தான் சொல்லச் சொல்வாள். அப்பத்தா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் அப்படித்தான். அதைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு அது பழைய பஞ்சாங்கமாகத் தோன்றவில்லை. பெயருக்குள் ஆள் இருக்கிறார் என்று அம்மா நம்புகிறாள், அவ்வளவுதான்.

தமிழில் பேரன், பேத்தி என்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி என்பதன் மரூஉ. பாட்டன் பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதுதான் அந்த உறவுக்கே பெயர். அப்படியிருக்க, நம் வீட்டில் பேத்தி இருக்கிறாள், பாட்டியின் பெயரைத்தான் காணோம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். பதில் சொல்லாமல் துணி மடிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் அகராதியில் அது யோசிக்கிறேன் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 13

இரண்டு நாளாக ராத்திரியில் இந்தச் சொல்லின் பின்னாலேயே அலைகிறேன். வடமொழியில் மரகத. கிரேக்கத்தில் ஸ்மராக்தோஸ். காதில் விழும்போதே உறவு தெரிகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மேற்காசியாவின் செமித்திய மொழிகளில் உள்ள ஒரு வேர்ச்சொல் இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஹீப்ருவில் பாரெகெத் என்று ஒரு ரத்தினம். அரபியில் பர்க் என்றால் மின்னல். ஆக, இந்தக் கல்லுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் அதன் பச்சையைப் பார்த்து வைக்கவில்லை, பளிச்சென்று வெட்டுகிற ஒளியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் மரகதம் என்றால் பச்சை என்றே நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு மின்னல் இருப்பது தெரிந்ததும் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கிரேக்கச் சொல்தான் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் எமரால்டு ஆனது, ஸ்பானிய மொழியில் எஸ்மெரால்டா ஆனது. பாரசீகத்தில் சொமொரோத், துருக்கியில் சும்ருத். அங்கெல்லாம் இவை பெண்களுக்கு வைக்கும் பெயர்கள். விக்டர் ஹியூகோ 1831-இல் எழுதிய நாவலில் வரும் எஸ்மெரால்டாவுக்கு அந்தப் பெயர் வந்ததே, அவள் கழுத்தில் தொங்கும் சின்னப் பைமேல் பதித்த பச்சைக் கண்ணாடியால்தான் போலிருக்கிறது. வடக்கே மரகதத்துக்குப் பன்னா என்று பெயர். ராஜஸ்தானத்து மேவாரின் இளவரசனைக் காப்பாற்றத் தன் சொந்தப் பிள்ளையைப் பலி கொடுத்த செவிலித்தாய் பன்னா தாய்.

தம்பி மனைவிக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். பிள்ளை பெற்ற உடம்பு, அவளுக்குத் தூக்கம்தான் முக்கியம். நாளைக்குக் கேட்டால் போதும்.

ஆகஸ்ட் 18

அப்பத்தாவின் பச்சைக்கல் தோட்டில் ஒரு காதின் திருகு தேய்ந்துவிட்டது. ஆசாரியிடம் கொண்டுபோனேன். வேலை முடிந்ததும், "பாக்குறீங்களாம்மா?" என்று லென்ஸை நீட்டினார்.

கல்லைக் கண்ணுக்கு அருகே வைத்தேன். முதலில் வெறும் பச்சை. கொஞ்சம் சாய்த்ததும் உள்ளே ஓர் ஊரே தெரிந்தது. மெல்லிய கீற்றுகள், பாசிக் குளத்தில் தண்ணீருக்கடியில் வேர்கள் ஆடுவது போல. ஓரத்தில் ஒரு பொட்டு, சிக்கிக்கொண்ட காற்றுக்குமிழி மாதிரி. நான் பார்த்ததைச் சொன்னதும், "இது இல்லாம ரொம்பச் சுத்தமா இருந்தாத்தான் நான் யோசிப்பேன்" என்றார். வெந்நீரில் போட்டுக் கழுவ வேண்டாம் என்றும் சொன்னார். இந்தக் கீற்றுகள் தெரியாமல் இருக்க மரகதத்தை எண்ணெயில் ஊற வைப்பது வழக்கமாம். சூட்டில் அது கசிந்துவிட்டால் கல் மங்கிப்போகும்.

வீட்டுக்கு வந்து சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையை எடுத்தேன். மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடம். "ஏகையும் மாலையும் இருளொடு துறந்த பாசார் மேனிப் பசுங்கதிர் ஒளியவும்" என்று வருகிறது. ஏகை என்ற கீற்றும், தாரும், இருளுமாகிய குற்றங்கள் நீங்கிய பச்சைக் கற்கள். மரகதம் என்று பெயரைச் சொல்லாமலே அடையாளம் காட்டிவிடுகிறார் இளங்கோ. அந்த ஏகையைத்தான் இன்றைக்குக் காலையில் என் கண்ணால் பார்த்தேன். கடைத்தெருவில் அது குற்றம். அப்பத்தா காதில் கிடந்த கல்லில் அது எனக்குக் குற்றமாகப் படவில்லை. அறுபது வருஷம் அவள் போட்டிருந்த கல் அது.

இன்னொன்றும் படித்தேன். மரகதம் பெரில் என்ற கனிம வகை. தூய பெரிலுக்கு நிறமே கிடையாது. குரோமியமோ வனேடியமோ துளி கலந்தால் பச்சை வருகிறது. மாணிக்கத்தைச் சிவப்பாக்குவதும் அதே குரோமியம்தான்! அப்பத்தாவின் அண்ணன் பெயர் மாணிக்கம். அவர்கள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 21

அம்மா தானாகவே பேச்சை எடுத்தாள். "மீனாட்சியைக்கூட மரகதவல்லின்னுதானே சொல்றோம்."

உண்மைதான். மதுரையில் அவள் பச்சைத் திருமேனி. முத்துசுவாமி தீட்சிதரின் காம்போதிக் கீர்த்தனையே 'மரகதவல்லீம்' என்றுதான் தொடங்குகிறது. காஞ்சிபுரம் பக்கம் திருப்புட்குழியில் தாயார் மரகதவல்லி. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருந்து, ஆருத்ரா தரிசனத்துக்குத்தான் திருமேனி காட்டுகிறார். கம்பனோ இராமனின் நிறத்தைப் பார்த்து "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ" என்று திகைத்து, அடுத்த அடியில் "ஐயோ" என்று விட்டுவிடுகிறான். ஆணுக்கு உவமை சொன்ன கல், ஆனால் நம்மிடம் பெயராக நின்றது பெரும்பாலும் பெண்களிடம்தான். மாணிக்கம், வைரம், முத்து என்றால் ஆண்களைத்தான் சட்டென்று நினைக்கிறோம். மரகதமும் பவளமும் பெண்கள் பக்கம் வந்துவிட்டன. ஏன் என்று கேட்டால் எனக்குத் தோன்றும் ஒரே காரணம், பயிரின் பச்சையையும் அம்மனின் பச்சையையும் நாம் ஒன்றாகவே பார்த்துப் பழகியதுதான். பச்சையம்மாள், பச்சைநாயகி என்று எத்தனை அம்மன்கள்!

அம்மா கடைசியாகச் சொன்னது: "நான் ஆத்தான்னு கூப்பிட்டுக்கறேன். நீங்க என்ன வேணா கூப்பிடுங்க."

ஆகஸ்ட் 25

பிறப்பைப் பதிந்தாகிவிட்டது, பெயர்க் கட்டம் மட்டும் காலி. ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணமே இல்லை என்பதால் தம்பிக்கு அவசரமில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

செப்டம்பர் 2

முப்பதாம் நாள். காலையில் தம்பி மனைவி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "ராத்திரி அழுதா. கூப்பிட்டுப் பார்த்தேன் அண்ணி. வாய்க்கு நல்லா இருக்கு" என்றாள். எதைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தை என்ற முறையில் குழந்தையின் காதில் மூன்று தரம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினாள்.

பெரியவளுக்குத் தமிழில் இன்னும் கொம்பு, கால் எல்லாம் வரவில்லை. க, த, ம, ர என்று தனி எழுத்துகள்தான் தெரியும். தன் பெயரையே அவளால் முழுசாக எழுத முடியாது. பாப்பா பெயரை எழுதுகிறேன் என்று சாக்பீஸோடு தரையில் உட்கார்ந்தாள். ம. ர. க. த. ம. கொம்பும் இல்லை, காலும் இல்லை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். "மரகதமவா?" என்று தம்பி கேட்டதும் மறுபடியும் குனிந்து, கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள்.