விடையோடு ஒரு வாக்கியமும் கேளுங்கள்: ஒன்லைனில் அடிப்படைப் புள்ளிவிபரவியல் நடத்திய அனுபவம்

2020 மார்ச்சில் கம்பஸ்கள் மூடப்பட்டபோது ஒரு கிழமைக்குள் பாடத்தை ஒன்லைனுக்கு மாற்றச் சொன்னார்கள். அன்றிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் வகுப்பறை. கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படைப் புள்ளிவிபரவியல் எடுக்கிறேன். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். ஆனால் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதி வந்தவர்கள். இதே பாடத்தை முதல்முறையாக எடுக்கப்போகும் தங்கச்சி ஒருவர் போன மாதம், "எங்கே இருந்து தொடங்குறது அக்கா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் பட்சுக்கு வகுப்பறையில் செய்ததை அப்படியே கெமராவுக்கு முன்னால் செய்தேன். இரண்டு மணித்தியாலம், அறுபது ஸ்லைட். "விளங்கிச்சா?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்று சட்பொக்ஸில் வரிசையாக வரும். பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் நிலைமை தெரிந்தது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு, நியம விலகலை (எண்கள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) இரண்டு தசமதானத்துக்குச் சரியாகவே எடுத்திருந்தார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்ட அடுத்த பகுதி தாள் தாளாக வெறுமையாகக் கிடந்தது. வகுப்பறையில் என்றால் முகத்தைப் பார்த்தே பிடித்திருப்பேன். திரையில் முகம் இல்லை, கறுப்புக் கட்டத்துக்குள் பெயர் மட்டும்தான்.

அடுத்த பட்சில் ஒரே ஒரு விதி கொண்டுவந்தேன். எந்த எண்ணைக் கண்டுபிடித்தாலும் அதன் கீழே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இந்தப் பாடம் படிக்காத அம்மாவோ அண்ணனோ வாசித்தால் விளங்க வேண்டும். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம், ஆனால் பாடச் சொல் ஒன்றும் வரக்கூடாது. புள்ளியில் பாதி அந்த வாக்கியத்துக்கு. இதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் எல்லாம் இந்த விதியைச் சுற்றித்தான் வளர்ந்தன.

முதல் கிழமையில் நான் தரவு கொடுப்பதில்லை. ஆளுக்குப் பத்து எண் நீங்களே கொண்டுவாருங்கள் என்பேன். ஒரு பிள்ளை வீட்டுக் கிணற்று நீர்மட்டம் அளந்தது, இன்னொன்று அப்பாவின் கடையில் பத்து நாள் விற்ற முட்டையை எண்ணியது. தெஹிவளையில் இருந்து புறக்கோட்டைக்குப் பகுதிநேர வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தார். 100, 101 எது முதலில் வந்தாலும் ஏறுவாராம். நிமிடக் கணக்கில் அவருடைய பத்து நாள் இது:

4, 6, 3, 5, 7, 4, 5, 38, 6, 2

கூட்டினால் 80, சராசரி 8. "சராசரியாக 8 நிமிடம் பஸ்ஸுக்கு நிற்கிறேன்" என்று வாக்கியமும் எழுதிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, வாக்கியத்தைத் திரையில் போட்டு அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கொஞ்சம் நின்றார். "மிஸ், நான் ஒரு நாளும் எட்டு நிமிஷம் நிக்கலையே. ஒன்பது நாள் அதுக்குக் கீழதான்" என்றார். அந்த 38 எப்படி வந்தது என்று கேட்டேன். நல்ல மழையாம், வந்த பஸ் எல்லாம் நிரம்பி வழிந்து நிற்காமலே போனதாம். சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது 5. அவருடைய வழக்கமான காலையைச் சொல்வது அந்த 5தான். சரி, நியம விலகல்? 38ஐ வைத்துக் கணித்தால் 10.65, எடுத்துவிட்டால் 1.58. ஒரே ஒரு மழை நாள் இவ்வளவு செய்கிறது.

அப்போது இன்னொரு பிள்ளை, "அப்ப 38ஐ வெட்டிடலாமா மிஸ்?" என்று கேட்டது. இந்தக் கேள்வி வந்தால் அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். அன்று அரை மணித்தியாலம் அதிலேயே போனது. அது பிழையாகக் குறித்த எண் இல்லை, உண்மையாக நடந்தது. வேலைக்குப் பிந்தாமல் போக எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பது கேள்வியானால் 38தான் முக்கியமான எண். முட்டைக் கணக்கில் 30க்குப் பதில் 300 என்று விழுந்திருந்தால் அது வேறு கதை. வெட்டுவதா வைப்பதா என்பதற்குச் சூத்திரம் இல்லை, அந்த எண் எப்படி வந்தது என்று போய்க் கேட்க வேண்டும். பத்து எண்ணை வைத்துப் பிள்ளைகள் தாங்களே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதற்குப் பிறகு நாட்டுக் கணக்குக்குப் போகலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவுக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, இடையம், அதாவது அடுக்கினால் நடுவில் வருவது, 53,333 ரூபா. பஸ் கணக்குச் செய்த பிள்ளைகளுக்கு இந்த 23,000 ரூபா வித்தியாசம் ஏன் வருகிறது என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. "இங்கேயும் சில 38 இருக்கு" என்றார்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடை, இடையம், ஆகாரம், மீடிறன், செவ்வன் பரம்பல் எல்லாம் பாடசாலையிலேயே படித்துவிட்டு வரும் பிள்ளை, ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் புதுப் பாடம் என்று பயந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு கிழமையும் பத்துச் சொல்லை இரண்டு மொழியிலும் எழுதி வட்ஸ்அப்பில் போடுகிறேன். அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது தெரிந்த சொல் போலத் தோன்றும் ஆங்கிலச் சொற்களில். செவ்வனுக்கு ஆங்கிலத்தில் வரும் 'நோமல்' என்றால் வழமையானது என்றும், மற்றப் பரம்பல் எல்லாம் ஏதோ கோளாறு என்றும் நினைக்கிறார்கள். 'ஸ்டாண்டட் எரர்' என்றால் யாரோ பிழை விட்டதாக எடுக்கிறார்கள், அது மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு மாறும் என்ற அளவுதான். 'சிக்னிபிகன்ட்' என்றால் பெரிய விஷயம் என்று எழுதுகிறார்கள், வித்தியாசம் அரைப் புள்ளியாக இருந்தாலும்கூட. உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால் இப்படி வருவது அரிது என்பது மட்டும்தான் அதன் பொருள். இந்த மூன்றையும் முதலே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகளிடம் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு மூலதனம் இருக்கிறது. அது இசட் புள்ளி: எடுத்த புள்ளி சராசரியில் இருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்று சொல்லும் எண். 2001 முதல் பல்கலைக்கழகத் தெரிவு அதில்தான் நடக்கிறது. வீட்டில் அழுததும் சிரித்ததும் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான், ஆனால் அது எப்படி வருகிறது என்று கேட்டால் வகுப்பில் இரண்டு பேர் கை தூக்கினால் அதிகம். ஒரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 15, நீங்கள் எடுத்தது 75 என்றால் இசட் 1. இன்னொன்றில் சராசரி 40, நியம விலகல் 10, எடுத்தது 60 என்றால் இசட் 2. குறைந்த புள்ளி எடுத்த பாடத்தில்தான் நீங்கள் கூட்டத்தை விட மேலே நிற்கிறீர்கள். ஒரு பிள்ளை மெதுவாக மைக்கைத் திறந்து, "அப்ப மைனஸ் வந்தா பெயில் இல்லையா மிஸ்?" என்று கேட்டது. சராசரிக்குக் கீழே என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். மூன்று வருடமாக அந்தப் பிள்ளை அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இதிலேயே குடித்தொகை (நாம் பேசும் முழுக் கூட்டம்) என்ற கருத்தையும் சொல்லிவிடலாம். 2011 உயர்தரத்தைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதியதில் ஒரு கூட்டமும் எழுதின. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததால் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. தனித்தனியாகக் கணிக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. "யாருடைய சராசரி?" என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கருதுகோள் சோதனைக்கு, அதாவது ஓர் ஊகத்தோடு தரவு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நாணயத்தைப் பாவிக்கிறேன். எங்கள் நாணயத்தில் தலை இல்லை, அதனால் அரச சின்னம் உள்ள பக்கத்தைத் தலை என்று முதலே முடிவுசெய்து கொள்ளுங்கள். ஆளுக்கு 20 தரம் சுண்ட வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே, 15 அல்லது அதற்கு மேலே தலை விழுந்தால் நாணயம் சரியில்லை என்று சொல்வோம் என்பது விதி. சரியான நாணயத்துக்கே அப்படி விழ ஏறக்குறைய 4 வீதம் வாய்ப்பு உண்டு. போன பட்சில் 43 பேர், இரண்டு பேருக்கு அப்படி விழுந்தது. அந்த இரண்டு பேரிடமும், "உங்கள் நாணயம் கள்ள நாணயமா?" என்று கேட்டேன். வகுப்பே "இல்லை" என்றது. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, பி பெறுமானம் (கருதுகோள் உண்மையானால் இப்படியோ இதைவிட விலகியோ விழ உள்ள வாய்ப்பு) 0.04 என்றால் கருதுகோள் உண்மையாக இருக்க 4 வீத வாய்ப்பு என்று இலகுவில் எழுதாது. ஆராய்ச்சியாளர்களே அப்படி எழுதுவதால்தான் அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016இல் பி பெறுமானத்தைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை விட வேண்டி வந்தது.

வசதிகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, டேட்டா காசு வீட்டுச் செலவில் இருந்து போகிறது. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு. குழு குழுவாக வெட்டியதால் கொட்டாஞ்சேனைக்குக் கரண்ட் இருக்கும் நேரம் ஹட்டனுக்கு இருக்காது. அன்றைக்குப் பழகியதை இன்றும் விடவில்லை: நேரடி வகுப்பு ஒரு மணித்தியாலம், மிச்சம் எல்லாம் பத்து நிமிடக் குரல் பதிவும் கொப்பியில் எழுதிப் படமெடுத்த பக்கமும். கணக்கை முதலில் கையால் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் கூகுள் ஷீட். அதில் நியம விலகலுக்கு எஸ், பி என்று இரண்டு கட்டளை இருக்கிறது. பஸ் தரவுக்கு எஸ் 10.65 தரும், பி 10.10 தரும். மாதிரிக்கு (முழுத் தொகையில் இருந்து எடுத்த ஒரு பகுதிக்கு) ஒன்பதால் வகுக்கிறோம், முழுத் தொகைக்குப் பத்தால் என்று கையால் செய்தவர்கள் குழம்ப மாட்டார்கள்.

பரீட்சையில் ஒரு பிழை விட்டேன், நீங்கள் விடாதீர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் இருக்க, எல்லா எண்ணோடும் உங்கள் பதிவிலக்கத்தின் கடைசி இலக்கத்தைக் கூட்டுங்கள் என்று கொடுத்தேன். எல்லா எண்ணோடும் ஒரே தொகையைக் கூட்டினால் சராசரி மாறும், நியம விலகல் அசையாது. முழு வகுப்புக்கும் அந்த விடை ஒன்றுதான். இப்போது இரண்டு எண்ணை மட்டும் பதிவிலக்கத்தால் மாற்றச் சொல்கிறேன். இணைபும் (இரண்டு அளவு எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) பிற்செலவும் (ஒன்றை வைத்து மற்றதை மதிப்பிடுவது) கடைசி இரண்டு கிழமைக்கு. அவசரமாக முடித்தாலும் பரவாயில்லை, சிதறல் வரைபடம் வரையாமல் குணகத்தைக் கணிக்க மட்டும் விடாதீர்கள்.

கடைசிக் கிழமை ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய்மொழிப் பரீட்சை. முதல் கிழமையில் அவர்கள் கொண்டுவந்த அதே பத்து எண்ணைத் திரையில் போட்டு, இது என்ன சொல்கிறது என்று கேட்பேன். வேறு கேள்வி இல்லை. 43 பேருக்கு 215 நிமிடம், இரண்டு பின்னேரத்தில் முடிந்துவிடும்.