இலை நுனி

பூத்து நிற்கிற கொடிக்குப் பெயர் சொன்னால் எங்கள் தாவரவியல் ரீச்சர் புள்ளி போடமாட்டா. "பூவைக் கண்டா கோயில் ஐயரும் சொல்லுவார். இலையைப் பாத்துச் சொல்லுங்கோ" என்பா.

ஏ.எல் படிக்கும்போது ஒரு கார்த்திகைச் சனிக்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில் பாணந்துறை பஸ் ஏறி, தெகிவளைச் சந்தியில் இறங்கி, அத்திடிய சதுப்புக்கு நடந்தோம். 1990 இல்தான் அது சரணாலயம். எங்களுக்கு அது எருமை மேயும் சேற்றுவெளி.

வரம்போரப் பற்றையில் ஒரு கொடி. மொட்டுக்கூட இல்லை. நான் கணுக்களில் பற்றுக்கம்பி தேடிக் களைத்தேன். ரீச்சர் குடைக்கம்பியால் ஒரு மேலிலையைத் தூக்கிக் காட்டினா. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, பக்கத்துப் புல்லை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது. கீழிலைகளில் அந்தச் சுருளும் இருக்காது.

"காந்தள்" என்றா. எங்கள் வாயில் கார்த்திகைப்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலாவது. "ஒண்செங் காந்தள்" என்று பாடமாக்கி ஒப்புவித்த எங்களுக்குக் கொடியைத் தெரியவில்லை!

பத்தடி தள்ளிப் பூத்ததும் நின்றது. நெளிந்த ஆறு இதழும் பின்னுக்கு மடிந்து, அடி மஞ்சள், நுனி சிவப்பு. புதுப்பூ பச்சை கலந்த மஞ்சள். முற்ற முற்றச் சிவக்கும். சூல்தண்டு மட்டும் மூலைமட்டம் வைத்ததுபோல் பக்கவாட்டில் முறிந்து நீளும்.

அதோடு நின்றிருக்கலாம். நான் அடியைக் கிண்டிக் கிழங்கை எடுத்துவிட்டேன். கலப்பைபோல மடங்கிக் கிடந்தது. கலப்பைக்கிழங்கு என்று சும்மா சொல்லவில்லை. வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவையும் உண்டு. புறங்கையில் ஒரு அடி விழுந்தது. "போடு கீழை! நஞ்சு!" பிறகு தன் போத்தல் தண்ணீர் முழுவதையும் என் கையில் ஊற்றினா. வயலில் நின்ற சிங்களப் பெரியவர் "நியங்கலா, நியங்கலா" என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்சில் ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

போன மாரியில், இங்கே, கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து சப்பாத்துப் போட முடியாமல் போச்சு. கவுட் என்றார் டொக்டர், ஒரு வகை மூட்டுவாதம். எழுதித் தந்த குளிசை கொல்கிசின். அந்தக் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சுதான், அளவாக.

முதல் குளிசையை விழுங்கிவிட்டு, போய்க் கையைக் கழுவினேன்.