பத்து வருட பாய்லர் சீட்டு

பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் பழைய ரயில்பாதைகளில் இன்று ஓடும் நீராவி எஞ்சின்களில் பல, தெற்கு வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரின் காயலான் கிடங்கிலிருந்து வந்தவை. உடைப்பதற்காக அங்கே போன 297 எஞ்சின்களில் 213 மீட்கப்பட்டன. கிடங்கில் சரக்கு வேகன்களை முதலில் உடைத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தவை அவை. பித்தளை, செம்பு உதிரிகள் போய், வருடக்கணக்கில் கடற்காற்றில் நின்று, கடைசி எஞ்சின் வெளியேறியபோது 1990 ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட எஞ்சினை மறுபடி ஓடவைக்கும் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் மேல்துருவைப் பார்த்து மிரளுவார்கள். கனத்த தகட்டில் மேல்துரு ஒரு பொருட்டே இல்லை, தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது தண்ணீர் தேங்கும் இடங்களை. புகைப்பெட்டியின் அடியில் தங்கிய சாம்பலில் மழைநீர் சேர்ந்தால் அமிலமாகித் தகட்டை அரித்துவிடும். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் தொட்டியில் அடித்தகடு அநேகமாகக் கையோடு வந்துவிடும். அதைச் சரிசெய்யப் பார்க்காமல் புதிதாகவே போடுவதுதான் மலிவு.

கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. கழற்றிய பாகத்தில் அடையாளத்துக்குக் கட்டும் காகிதச் சீட்டு எண்ணெயில் ஊறி அழிந்துவிடும். எண் குத்திய தகட்டுத் துண்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். எஞ்சினின் அடிச்சட்டத்தில் இருக்கும் இறுக்குப் போல்ட்டுகள் அந்தந்தத் துளைக்கென்றே கடைந்தவை. பக்கத்துத் துளைக்குரியதை மாட்டினால் ஓட்டத்தில் ஆட்டம் கொடுக்கும். மரைகள் எல்லாம் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் வகை, மரைக்கோணம் 55 டிகிரி. மெட்ரிக் நட்டை முறுக்கி ஏற்றிவிட்டுப் போகிற ஆர்வக்கோளாறு எல்லாக் குழுவிலும் ஒருவருக்காவது உண்டு.

பணமும் காலமும் கரைவது பாய்லரில். ‘பிளாக் ஃபைவ்’ வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு. நெருப்பு எரியும் உள் ஃபயர்பாக்ஸ் செம்பு, வெளிக்கூடு எஃகு. நடுவே தண்ணீர் நிற்கும் இடைவெளி சில அங்குலந்தான். இரண்டு தகட்டையும் ஸ்டே எனப்படும் நூற்றுக்கணக்கான மரையிட்ட கம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு அங்குலத்துக்கு ஒரு ஸ்டே என்று வைத்தால் ஒவ்வொன்றும் தாங்குவது 16 சதுர அங்குலம், அதாவது 3,600 பவுண்டு, ஒன்றரை டன்னுக்கும் மேல். சூட்டில் செம்பு எஃகைவிட அதிகமாக விரியும். அதனால் நெருப்பு மூட்டி அணைக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டே கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. மேல் வரிசைகளிலும் மூலைகளிலும் இந்த வளைவு அதிகம். முதலில் முறிவதும் அங்கேதான். சுத்தியலால் தட்டினால் நல்ல ஸ்டே கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாகச் சத்தமிடும். பழகிய காது வேண்டும். தகட்டுக் கனத்தை அல்ட்ராசானிக் கருவி சொல்லிவிடும், ஸ்டே விஷயத்தில் சுத்தியலுக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

முறிந்ததைத் துளையிட்டு எடுத்தபின் அடுத்த பெரிய அளவுக்கு மரை போட வேண்டும். இரண்டு தகட்டிலும் மரை ஒரே தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்பதால், இரண்டையும் ஊடுருவும் நீளமான டேப்பை (மரை வெட்டும் கருவி) ஒரே ஓட்டமாகச் செலுத்துவார்கள். தனித்தனியாகப் போட்டால் ஸ்டே முதல் தகட்டைத் தாண்டி இரண்டாவதில் பிடிக்காது. ஒவ்வொரு பழுதுக்கும் துளை பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தகட்டையே வெட்டிப் புதுத் துண்டு வைக்க வேண்டியதுதான்.

சூடான புகை போகும் பாய்லர் டியூப்களை மாற்றுவது பார்க்கச் சுலபம். ரோலர் எக்ஸ்பாண்டரை உள்ளே விட்டுச் சுற்றினால் டியூப் விரிந்து தகட்டோடு ஒட்டும். ஒழுகாமல் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுவதில்தான் வினை. டியூபின் சுவர் மெலியும், செம்புத் தகட்டின் துளை கோணும், பக்கத்து டியூப்கள் இளகும். ஒழுகும் ஒன்றை இறுக்கப் போய் ஐந்தை ஒழுகவிட்ட கதை எல்லாப் பணிமனையிலும் கேட்கலாம்.

பழுது முடிந்ததும் நீரழுத்தச் சோதனை, வழக்கமாக வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு: 225-க்கு 337. உள்ளே காற்று துளியும் இருக்கக் கூடாது. அழுத்திய காற்று வெடிக்கும், தண்ணீர் கசிவதோடு நிற்கும். பிறகு காப்பீட்டு ஆய்வாளர் முன்னிலையில் நீராவிச் சோதனை. அதில் தேறினால் பாய்லரை ஓட்டப் பத்து வருட அனுமதிச் சீட்டு. நடுவே வருடாந்திர ஆய்வுகள் தனி.

வேலையின் வரிசையைத் தீர்மானிப்பதே இந்தச் சீட்டுதான். பாய்லர் முதலில் முடிந்து, சக்கரமும் சிலிண்டரும் மூன்று வருடம் இழுத்தால், சீட்டின் பத்து வருடத்தில் மூன்று ஓடாமலே செலவாகிவிடும். சனிக்கிழமை மட்டும் கூடும் குழுவில் இது சாதாரணமாக நடக்கும். ஆகவே அடிச்சட்டம், ஆக்ஸிலைத் தாங்கும் பேரிங் இருக்கும் ஆக்ஸில் பெட்டிகள், பிரேக், டெண்டர் எல்லாம் தயாரான பிறகே கடைசிச் சோதனைக்கு நாள் குறிப்பது நல்லது. நன்கொடையாளர்களுக்குச் சீக்கிரம் புகை காட்ட நினைக்கும் செயலாளருக்கு இது பிடிக்காது. (நம் ஊரில் இந்தச் சிக்கல் இல்லை. நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனை சம்பளக்காரர்களை வைத்துப் புது எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது.)

சக்கரத்தைச் சுற்றி மாட்டும் எஃகு வளையங்களான டயர்கள் பெரும்பாலும் வெளி நிறுவனத்து வேலை. விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறிதாகக் கடைந்து, சூடேற்றி விரியவைத்து மாட்டுவார்கள். ஆறடிச் சக்கரத்துக்கு அந்த வித்தியாசம் 1.8 மில்லிமீட்டர். ஆக்ஸில் பேரிங்கில் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான கலப்புலோகத்தை உருக்கி ஊற்றுவதைக் குழுவிலேயே செய்யலாம். ஈயம் பூசும் கட்டத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஒட்டாது. ஓடி நாற்பது மைலில் உரிந்து வரும்.

முதல் நெருப்பைப் பொறுமையாக மூட்ட வேண்டும். முதல் நாள் வெதுவெதுப்புக்கு ஒரு சின்ன நெருப்பு, மறுநாள்தான் அழுத்தம். அவசரப்பட்டால் மேலே கொதிக்கும், அடியில் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும், பொருத்துகள் இழுபடும். ஓட்டிப் பார்க்கும் நாளில் பெட்டி எதுவும் மாட்டாமல் சில மைல் போய் நிறுத்தி ஒவ்வொரு ஆக்ஸில் பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும்.

முதல் சில ஓட்டங்கள் முடிந்ததும் பாய்லரைக் கழுவியே ஆக வேண்டும். செம்புச் சீவல், மரைத்தூள், பழைய உப்புப் பொருக்கு என்று வாளி வாளியாக வரும். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் தண்ணீர் இழுக்க மறுத்தால் அதைக் குறைசொல்லுமுன் டெண்டர் வடிகட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. புதுத் தொட்டியில் யாரோ விட்டுப்போன துணி அதில் சிக்கியிருக்கும்.