உருத்திரபுரத்து வீட்டுத் திறப்புக்கு ஒரு பூட்டு

என்னிடம் ஒரு திறப்பு இருக்கிறது. நாலு விரலகலத்துக்கும் கூடின நீளம், உருண்டைத் தண்டு, முனைக்குக் கிட்டப் பல். 2008 ஐப்பசியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது, கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் இருந்த எங்கள் வீட்டை அப்பா இழுத்துப் பூட்டின திறப்பு அது. தர்மபுரம், சுதந்திரபுரம், மாத்தளன், பிறகு செட்டிக்குளம் முகாம் என்று அம்மாவின் கைப்பையிலேயே வந்தது. 2010இல் திரும்பிப் போனபோது சுவர் மட்டும் நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, கதவு நிலையையும் கழற்றியிருந்தார்கள்.

இந்த மாசியில் இருந்து அந்தத் திறப்புக்குப் பூட்டு ஒன்றைச் செய்து பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். இதே மாதிரி வீடில்லாத திறப்பை அலுமாரிக்குள் வைத்திருக்கிறவர்கள் வன்னியில் நிறையப்பேர் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பரந்தனில் பூட்டுத் திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டு போனேன். எழுபது தாண்டினவர். யாழ்ப்பாணத்தில் பூட்டுக் கடையொன்றில் பதினாலு வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர். திறப்பை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பல்லைப் பெருவிரலால் தடவினார். பூட்டைக் காணாமலே பூட்டைச் சொன்னார்.

"ரண்டு பக்கத்தாலயும் திறக்கிறது. பெட்டிப்பூட்டு. மூண்டு லீவர்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பல்லில் ஐந்து படி. இரண்டு ஓரத்துப் படிகளும் ஒரே உயரம், அவற்றுக்கு அடுத்த இரண்டும் ஒரே உயரம், நடுப்படி தனி. வெளியாலும் உள்ளாலும் போடுகிற திறப்பு எந்தப் பக்கத்தால் போட்டாலும் பூட்டுக்கு ஒரே மாதிரித் தெரிய வேண்டும், அதனால்தான் இந்த ஒப்பு. ஓரப்படி நாக்கை, அதாவது பூட்டுக்குள் இருந்து வெளியே நீண்டு கதவை மறிக்கிற கட்டையை, தள்ளுவதற்கு: வெளியால் பூட்டும்போது ஒன்று, உள்ளால் பூட்டும்போது மற்றது. நடுவில் உள்ள மூன்றும் மூன்று லீவருக்கு; லீவர் என்றால் திறப்பு திரும்பும்போது உயர்த்துகிற உள்தகடு. பதினேழு வருசமாகக் கையில் வைத்திருந்த சாமானை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது போல இருந்தது.

கதவின் உள்பக்கத்தில் இரும்புப் பெட்டி மாதிரி அறைகிற பூட்டைத்தான் பெட்டிப்பூட்டு என்றார். இந்த மாதிரி மூன்று லீவர்ப் பெட்டிப்பூட்டு இங்கே எந்த ஹாட்வெயார் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது தொங்குவதெல்லாம் பெரும்பாலும் சிலிண்டர்ப் பூட்டு. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860களில் செய்த தட்டைத் திறப்பு, உள்ளே ஊசி ஊசியாக நிற்கிற அமைப்பு. அதன் திறப்பை மெசின் அரை நிமிடத்தில் வெட்டித் தரும். ஐயாவின் அரத்துக்கு அதில் வேலை இல்லை.

பூட்டு கிடைத்தது பழைய இரும்புக் கடையில். கிலோக் கணக்கில் நிறுத்துத் தந்தார்கள். திறப்பு இல்லை, ஒரு கைபிடியும் இல்லை, முழுக்கக் கறள். ஆனால் திறப்போட்டையில் எங்கள் திறப்பு தடங்கலில்லாமல் இறங்கியது. அதைக் கண்டதும் மற்றக் குறையெல்லாம் மறந்து போயிற்று.

மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மூடியின் நாலு திருகாணியில் மூன்று கழன்றது, நாலாவதைத் துளைத்துத்தான் எடுத்தேன். உள்ளே ஒரு குளவிக்கூடு. மண்ணைத் தட்டிவிட்டால் பித்தளை லீவர் மூன்றும் அப்படியே மஞ்சளாக இருந்தன. லீவரை அமத்துகிற தகட்டு ஸ்பிரிங் இரண்டு முறிந்திருந்தது. ஓடாத மேசை மணிக்கூடு ஒன்றின் ஸ்பிரிங்கை வெட்டிச் சொருகினேன். முதலாவதை வளைக்கும்போதே முறித்தேன். சூடு காட்டி, ஆறவிட்டு வளைத்த மற்ற இரண்டும் நின்றன.

இனித்தான் உண்மையான வேலை. லீவருக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும். நாக்கில் நிற்கிற சின்னக் கட்டை அந்த வெட்டுக்குள்ளால் போனால்தான் நாக்கு நகரும். திறப்பு லீவரைக் குறைய உயர்த்தினாலும் கட்டை முட்டும், கூட உயர்த்தினாலும் முட்டும். 1778இல் இங்கிலாந்தில் ரொபட் பரன் என்பவர் கண்டுபிடித்தது இந்த 'கூடவும் கூடாது, குறையவும் கூடாது' என்பதைத்தான். அதற்கு முந்தின பூட்டில் உயர்த்தினால் போதும், எவ்வளவு உயர்ந்தாலும் திறக்கும்.

வழக்கமாக இப்படிப் பூட்டு வந்தால் புதுத் திறப்பை அராவிப் பூட்டுக்குப் பொருத்துவார்கள். நான் திறப்பில் அரம் படக்கூடாது என்றேன். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"திறப்பைத்தான் தம்பி பூட்டுக்கு வெட்டுறது. பூட்டைத் திறப்புக்கு வெட்டி நான் காணேல்லை." பிறகு அவரே, "சரி, கொண்டா பாப்பம்" என்றார்.

அவர் காட்டித் தந்த முறை இது. போத்தல் விளக்கின் புகையில் நாக்குக் கட்டையைப் பிடித்துக் கரி ஏற்ற வேண்டும். ஒரு லீவரை மட்டும் போட்டு, திறப்பை மெல்லத் திருப்பி, லீவரைக் கழற்றிப் பார்த்தால் கட்டை முட்டின இடத்தில் கறுப்புப் புள்ளி. வெட்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் திறப்பு கூட உயர்த்துகிறது. அப்போது லீவரின் வயிற்றை, அதாவது திறப்பு தொடுகிற வளைவை, அராவலாம். அராவ அராவ லீவர் கீழே இறங்கும். முதலாம், மூன்றாம் லீவர்கள் அப்படித்தான் இருந்தன. இரண்டு தரம் அரத்தை இழுப்பது, கரி ஏற்றுவது, திருப்புவது, பார்ப்பது. ஒரு லீவருக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. புள்ளி வெட்டின் விளிம்புக்கு வந்து, பிறகு காணாமல் போன அந்தத் தரம் திறப்பு கைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

நடு லீவர் மறுபக்கம். புள்ளி வெட்டுக்கு மேலே. குறைய உயர்த்துகிற லீவருக்கு அராவி மருந்தில்லை, வெட்டின பித்தளையை ஒட்டவும் ஏலாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். பழைய பித்தளைப் பிணைச்சல் ஒன்றின் ஒரு பக்கத் தகடு லீவரின் தடிப்புக்கு ஏறக்குறையச் சரியாக வந்தது. பழைய லீவரை மேலே வைத்து ஊசியால் கீறி, வயிற்றில் மட்டும் ஒரு மில்லிமீற்றர் கூட விட்டு அறுத்தேன். ஐயா வெட்டை மட்டும் தான் அராவித் தந்தார். அவர் குனிந்து அராவும்போது முதுகு அப்படியே வில்லாக வளைந்திருந்தது. இங்கிலாந்தில் வில்லன்ஹோல் என்ற பூட்டுத் தொழிலாளர் ஊருக்கு, இடுக்கிக்கு மேல் குனிந்து குனிந்து முதுகு கூனினவர்கள் நிறைந்த இடம் என்பதால் 'கூனர் நாடு' என்ற பொருளில் பட்டப்பெயர் இருந்தது. ஐயாவிடம் சொன்னேன். "அவங்களுக்கும் நாரி நோகுந்தானே" என்றார்.

அராவிக்கொண்டே தான் கண்ட பூட்டுகளைச் சொல்லுவார். இராமேஸ்வரம் கப்பல் ஓடின காலத்தில் வந்த திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, பெட்டகத்தில் திறப்புத் திரும்பும்போது மணி அடிக்கிற பூட்டு. திருகாணி மாதிரித் திறப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றித் திறக்கிற ஆமைப்பூட்டை அவர் கையால் சுற்றியே காட்டினார். எனக்கு மிகவும் பிடித்தது அவர் ஒரேயொரு முறை திறந்த பழைய இரும்புப் பெட்டி. பிழையான திறப்பைப் போட்டால் லீவர் ஒன்று மேலே போய்க் கொளுவிக்கொள்ளும், பிறகு சரியான திறப்பும் திறக்காது. சரியான திறப்பை எதிர்ப்பக்கம் ஒருக்காத் திருப்பினால்தான் விடும். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரனுக்குச் சொல்லுகிற பூட்டு. ஜெரமையா சப் 1818இல் செய்த அமைப்பு அது, பூட்டின் வழமையான திறப்பாலேயே விடுவிக்கிற வழி 1824இல் வந்தது. ஐயாவுக்கு அந்தப் பெயரும் வருசமும் தெரியாது. கொளுவி விழுகிற 'டிக்' என்ற சத்தம் எந்த இடத்தில் கேட்கும் என்று தெரியும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பரந்தனில் இதையெல்லாம் காதால் அறிந்த மனிசனுக்குப் பக்கத்தில் பழக ஒரு பிள்ளை இல்லை. அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அதனால் இப்போது அவர் சொல்லுகிறதைக் கொப்பியில் படத்தோடு கீறி வருகிறேன். இதுவரை பதினொரு பூட்டு.

போன ஞாயிறு மூன்று லீவரையும் ஒன்றாகப் போட்டு மூடியைப் பூட்டினோம். உள்பக்கத்தால் திறப்பு சுத்தமாகத் திரும்புகிறது. நாக்கு முழுதாக வெளியே வந்து லீவர் விழுகிற சத்தமும் கேட்கிறது. வெளிப்பக்கத்தால் நாக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிற்கிறது. லீவர் விழவில்லை, விரலால் தள்ளினால் நாக்கு உள்ளே போகிறது.

ஐயா திறப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெளிப்பக்கத்து ஓரப்படி மற்றதைவிடத் தேய்ந்து உருண்டிருக்கிறது. முதல் நாள் பல்லைத் தடவினபோது தானும் அதைத் தவறவிட்டேன் என்றார். பிறகு, "உங்கட வீட்டில ராவில உள்ளால திறப்புப் போடுறேல்லை, என்ன?" என்று கேட்டார். இல்லை. இரவில் தாழ்ப்பாள்தான். திறப்பு வெளியே போகும்போது மட்டும். அப்பா கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பூட்டுவார். அவ்வளவு நாளும் அந்த ஒரு படிதான் வேலை செய்திருக்கிறது.

நாக்கில் திறப்பு பிடிக்கிற வெட்டுக்குள் பித்தளை ஒட்டி ஒடுக்கினால் வெளியால் சரிவரும். ஆனால் தேயாத படி உள்ளால் இறுகும். அரை மில்லிமீற்றர் மட்டும் ஒட்டிப் பார்ப்பம் என்கிறார் ஐயா. வருகிற ஞாயிறு கரியும் விளக்கும் எடுத்துக்கொண்டு திரும்பப் போகிறேன். அம்மா தானும் வாறன் என்கிறார், வெளிப்பக்கத்தால் தான் ஒருக்காப் பூட்டிப் பார்க்க வேண்டுமாம்.